தாஹா ஹுசைனும் நெல்லைச் சீமையின் இரண்டு வழக்கறிஞர்களும்

(இலஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்து மறைந்த குற்றாலம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் நின்று எகிப்து நாட்டு அரபு இலக்கிய அறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருக்கு வியப்பாக இருந்தது. வியப்புக்கு இடமில்லை. தென்காசிச் சீமைக்கு அரபு அந்நிய மொழி அன்று. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி பீர் முகம்மது அப்பா பிறந்தது தென்காசியில்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள். அந்த அரபுத்தமிழில் நூல்கள் பெருகின. கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் பிள்ளைகள் அரபு ஓதுகிறார்கள். ஆனால் ஓதும் அரபுக்கு அப்பால் ஒரு பெரிய கவிதை உலகமும், அதைப் பற்றிய ஆராய்ச்சியும், அந்த ஆராய்ச்சியால் மூண்ட சண்டைகளும் உண்டு. அவை நம் பேச்சில் வருவதே இல்லை. அந்தச் சண்டைகளில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டில் நடந்த சண்டை போலவே இருக்கும் அது.

மூன்று பேரைச் சொல்லப்போகிறேன். ரசிகமணி பிறந்தது 1880-களின் தொடக்கத்தில். தாஹா ஹுசைன் பிறந்தது 1889. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை பிறந்தது 1891. பத்தாண்டு இடைவெளிக்குள் பிறந்த மூவரும், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழி உலகங்களில், ஒரே கேள்வியில் போய் முட்டினார்கள். பழைய பாட்டு ஒன்று நம் கைக்கு வந்திருக்கிறது. பாடியவர் பெயரும் கூடவே வந்திருக்கிறது. அது அவர் பாடியதுதானா? அவர் காலத்ததுதானா? இதைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு, எதை வைத்துக் கேட்கலாம்?

முதலில் தாஹா ஹுசைன். நைல் நதியின் மேற்பகுதியில், மினியா மாகாணத்து மகாகா ஊரை ஒட்டிய சிற்றூரில் பிறந்தார். தகப்பனாருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், இவர் ஏழாமவர். மூன்று வயதாகும் முன்பே கண்ணில் நோய் வந்தது. ஊர் நாவிதர் வைத்தியம் பார்த்தார். பார்வை போய்விட்டது. அக்காலத்து எகிப்திய கிராமங்களில் கண்நோய் சாதாரணம். இப்படிப் பார்வை இழந்த குழந்தைகள் ஏராளம். அவர்களுக்கு ஊர் விட்டுவைத்த பிழைப்பு, குர்ஆனை மனப்பாடம் செய்து ஓதுவது. இந்தப் பையனும் திண்ணைப்பள்ளியில் சேர்ந்து சிறுவயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தான்.

அவர் எழுதிய ‘அல்-அய்யாம்’, அதாவது ‘நாட்கள்’ என்ற தன்வரலாறு, 1929-இல் நூலாக வந்தது. அதில் தம்மை ‘நான்’ என்று எழுதவில்லை. ‘பையன்’ என்றே படர்க்கையில் எழுதுகிறார். அதில் ஓரிடம். ஒருநாள் இரவு எல்லோரும் உட்கார்ந்து உண்கிறார்கள். ஒரு கையால் எடுப்பதை இரண்டு கையாலும் எடுத்தால் என்ன ஆகும் என்று பையனுக்குத் தோன்றுகிறது. எடுக்கிறான். அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அம்மா அழுகிறாள். தகப்பனார் மட்டும் துக்கத்தோடு, தணிந்த குரலில், இப்படிச் சாப்பிடக் கூடாதப்பா என்கிறார். அந்த இரவு எப்படிக் கழிந்தது என்றே பையனுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு சிந்திவிடுமோ என்று அஞ்சி, கரண்டியால் எடுத்து உண்ணும் எதையும் தொடாமல் ஒதுக்குகிறான். பிறர் பார்க்கச் சாப்பிடக் கூசுகிறான். அந்தப் பக்கத்தில் சுயஇரக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரு செயல், அதற்கு மூன்று பேரின் மூன்று விதமான பதில், பிறகு ஒரு முடிவு. சான்றுகளை வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மனம் அங்கேயே தெரிகிறது. அவருடைய ஆராய்ச்சியைப் படிக்கும் முன் இந்தப் பக்கத்தைப் படியுங்கள் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

1902-இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்குப் போனார். ஆயிரம் ஆண்டு நெருங்கிய கல்விக்கூடம். உரைக்கு உரை, அதற்கொரு விளக்கம் என்று போன பாடம் அவருக்குச் சலித்தது. 1908-இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1914-இல் அந்தப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அவருக்குத்தான். ஆய்வுப் பொருள், பதினொன்றாம் நூற்றாண்டில் மறைந்த சிரியக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி. அவரும் சிறுவயதில் பார்வை இழந்தவர். பிறகு பிரான்ஸ்: மோன்பெலியே, பாரிஸ். சமூகவியலின் தந்தையருள் ஒருவரான எமில் துர்க்கேமிடம் பயின்று, இப்னு கல்தூனைப் பற்றி ஆய்வுரை எழுதினார். பிரெஞ்சுப் பெண்மணி சுசானை 1917-இல் மணந்தார். அந்த அம்மையார் வாசிக்க வாசிக்கக் கேட்டே ஐரோப்பிய இலக்கியத்தைக் கற்றார். 1919-இல் ஊர் திரும்பினார். பின்னர் அரபு இலக்கியப் பேராசிரியரானார்.

புயல் வந்தது 1926-இல். நூலின் பெயர், ‘ஜாஹிலியக் கவிதை பற்றி’. ஜாஹிலியக் காலம் என்றால் இஸ்லாம் தோன்றுவதற்கு முந்திய காலம். இம்ருல் கைஸ் முதலிய பெருங்கவிஞர்கள் அந்தக் காலத்தவர்கள். நமக்குச் சங்கப் பாட்டு எந்த இடமோ, அரபு மொழிக்கு அவர்கள் பாட்டு அந்த இடம். இலக்கணத்துக்கு மேற்கோள் அங்கிருந்துதான். குர்ஆனில் வரும் அருஞ்சொல்லுக்கு விளக்கம் தேடிப்போவதும் அங்கேதான். தாஹா ஹுசைன் சொன்னார்: இதில் மிகப் பெரும்பகுதி ஜாஹிலியக் காலத்தது அன்று; இஸ்லாம் பரவிய பிறகு புனைந்து பழையவர் தலையில் கட்டியது.

ஏன் அப்படிச் சொன்னார்? அந்தக் காலத்து அரபியரின் சமய வாழ்க்கை குர்ஆனில் உயிரோடு தெரிகிறது. அவர்கள் பாடியதாகச் சொல்லும் பாட்டில் அது காணவே இல்லை என்றார். தெற்கே ஏமன் வழிவந்த கவிஞரும் வடக்கே வாழ்ந்த கவிஞரும் வேறு வேறு பேச்சு பேசியிருக்க வேண்டும்; பாட்டிலோ எல்லோரும் ஒரே மொழி பேசுகிறார்கள் என்றார். பொய்ப்பாட்டு புனையக் காரணங்களையும் காட்டினார். குலப் பெருமைக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது, சமய வாதத்துக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது, கதைசொல்லிகளுக்கு நடுநடுவே பாட்டு வேண்டியிருந்தது. வாய்மொழியாகப் பாட்டைக் காத்துவந்த ராவிகளில் ஹம்மாது, கலஃப் போன்றவர்களே கைச்சரக்கைக் கலந்தவர்கள் என்று பழைய அரபு அறிஞர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு இப்னு சல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். தாஹா ஹுசைன் நூல் வருவதற்கு முந்திய ஆண்டுதான் இங்கிலாந்தில் மார்கோலியத் என்ற அறிஞரும் ஏறத்தாழ இதே முடிவைக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். அங்கிருந்து எடுத்ததுதானே என்ற பழியும் தாஹா ஹுசைன்மேல் விழுந்தது.

நூலில் ஓரிடத்தில் இப்ராஹீம் நபி, இஸ்மாயீல் நபி பற்றிய செய்தியை வரலாற்றுச் சான்று என்ற கோணத்தில் மட்டும் வைத்து எழுதினார். அந்தப் பகுதி நம்பிக்கையாளர்களைப் புண்படுத்தியது. அந்த வேதனை மெய்யானது, அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அல்-அஸ்ஹர் மாணவர் ஒருவர் புகார் கொடுத்தார். அல்-அஸ்ஹரின் தலைமை ஷெய்கு கொடுத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் கொடுத்தார். அரசு வழக்குத்தொடர்வாளர் முகம்மது நூர் பேராசிரியரை விசாரித்தார்.

அந்த விசாரணை அறிக்கை 1927 மார்ச்சில் வந்தது. அரபு இலக்கிய வரலாற்றில் அதற்கொரு தனி இடம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். முகம்மது நூர் ஒரு சட்ட அதிகாரி. ஆனால் நூலை வரிவரியாகப் படித்திருக்கிறார். இந்த வாதத்துக்கு இந்தச் சான்று போதாது, இங்கே ஆசிரியர் ஊகத்தை முடிவாக எழுதிவிட்டார் என்று திறனாய்வாளரைப் போல மறுக்கிறார். கடைசியில், இது ஆராய்ச்சி நோக்கில் எழுதியது, குற்றம் செய்யும் எண்ணம் இல்லை என்று வழக்கை முடித்துவிடுகிறார். நூலில் பிழை இருக்கிறது என்பது வேறு, எழுதியவர் குற்றவாளி என்பது வேறு என்று பிரித்துப் பார்த்த அந்த அதிகாரியை நான் மிக மதிக்கிறேன். தாஹா ஹுசைன் அந்தப் பகுதியை நீக்கினார். ஆனால் தம் மைய வாதத்தை விடவில்லை, இன்னும் விரித்து 1927-இல் ‘ஜாஹிலிய இலக்கியம் பற்றி’ என்று புதுப்பெயரில் வெளியிட்டார்.

பின்னால் வந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைப்புல முதல்வராக இருந்தபோது, அரசியல்வாதிகளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மறுத்ததற்காக 1932-இல் அரசு அவரைப் பதவியிலிருந்து எடுத்தது. அதைக் கண்டித்துப் பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அல்-சையிதும் வெளியேறினார். அலெக்சாந்திரியாவில் புதிய பல்கலைக்கழகம் வந்தபோது தாஹா ஹுசைன்தான் முதல் தலைவர். 1950-இல் கல்வி அமைச்சரானார். காசு உள்ளவன் பிள்ளைக்கு மட்டும் படிப்பு என்ற நிலையை உடைத்து, உயர்நிலைப்பள்ளிக் கல்வியை இலவசமாக்கினார். 1973 அக்டோபரில் மறைந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ரசிகமணி சட்டம் படித்தவர். சென்னைச் சட்டமேலவையில் இருந்தார், 1930 முதல் அறநிலைய ஆணையராகவும் இருந்தார். அதெல்லாம் உத்தியோகம். அவருடைய வாழ்க்கை நெல்லை வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்திலும், பிறகு குற்றாலத்து வீட்டிலும் நடந்தது. கவிதையைக் காதால் கேட்கும் விஷயமாக மீட்டுக் கொடுத்தவர் அவர். ஒரு பாடலை எடுத்தால் இழுத்து, நிறுத்தி, மறுபடி சொல்லி, எந்தச் சொல்லில் உணர்ச்சி ஏறுகிறது என்பதைக் கேட்பவர் தாமே உணரும்வரை விடமாட்டார். ராஜாஜியும் கல்கியும் கவிமணியும் அவர் முன் அப்படி உட்கார்ந்து கேட்டவர்கள். 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் விழா தொடங்கியபோது ரசிகமணிதான் தலைமை. பண்டிதர் கையில் இருந்த கம்பனைப் படிக்கத் தெரிந்த எவர் கைக்கும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

அந்தக் காதுதான் கம்பராமாயணத்திலும் சந்தேகப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். அவற்றில் பெரும்பகுதி கம்பர் பாடியது அன்று, பின்வந்தவர்கள் செருகியது என்றார். செருகல் உண்டு என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தார் என்று ‘வெள்ளி பாடல்’ என ஒரு தொகுதியைச் சொல்வது பழைய வழக்கம். அரபு நாட்டில் ஹம்மாது, நம் நாட்டில் தம்பிரான். ஆனால் ரசிகமணி அதோடு நிற்கவில்லை. தமக்குக் கவியாகப் பட்டதைக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று தந்தார், ஆயிரக்கணக்கில் ஒதுக்கினார், வைத்துக்கொண்ட பாடலிலும் சில இடங்களில் சொல்லைத் திருத்தினார். கேட்டால், கம்பர் இப்படித்தான் பாடியிருப்பார் என்பது அவர் பதில்.

ரசிகமணியை நேசிக்கிற ஒருவனாகத்தான் இதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாடல்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்தத் தொகுப்பைப் போல் கம்பனுக்கு ஆள் சேர்த்த நூல் வேறில்லை. ஆனால் சொல்லைத் திருத்தி அதைக் கம்பர் பெயரில் அச்சிட்டது தவறு. அவர் காது சொன்னது சரியாகவே இருந்தாலும் அடுத்த வாசகன் அதைச் சரிபார்க்க வழி இல்லை. ஏட்டில் இருந்தது என்ன, இவர் மாற்றியது என்ன என்று பிரித்துக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வையாபுரிப் பிள்ளை இதற்கு நேர் எதிர்த் திசை. அவரும் நெல்லைச் சீமை, அவரும் வழக்கறிஞர். 1926-இல், அதாவது தாஹா ஹுசைன் நூல் வந்த அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். ஒரு சொல் முதன்முதலில் எந்த நூலில் வருகிறது, எந்தப் பொருளில் வருகிறது என்று பத்தாண்டு பார்த்த கண் அவருடையது. அந்தக் கண்ணோடு பழைய நூல்களின் காலத்தை நிறுத்துப் பார்த்தார். தொல்காப்பியம் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது, திருக்குறள் 600-ஐ ஒட்டியது, சிலப்பதிகாரம் எட்டாம் நூற்றாண்டு என்று எழுதினார். தமிழ் நாடு கொதித்தது. தமிழுக்குப் பகைவர் என்றார்கள். அவர் சொன்ன காரணங்களை எதிர்த்து எழுதியவர்களைவிட, அவருடைய நோக்கத்தை எதிர்த்துப் பேசியவர்களே அதிகம். இங்கே ஒரு முகம்மது நூர் கிடைக்கவில்லை.

மூவருக்கும் பொதுவான ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும்; மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஒகரத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே கோடு. ஒரே வரியை மூன்று விதமாகப் படிக்கலாம். பெயர்த்தெழுதுகிறவர் தமக்குப் புரிந்த விதத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவார். தொடக்ககால அரபு எழுத்திலும் இதே கதைதான். இன்று மேலும் கீழும் புள்ளியிட்டுப் பிரிக்கிற பா, தா, தஸா ஆகிய மூன்றும் அன்று ஒரே கீற்று. சொல்லின் நடுவில் வந்தால் நூனும் யாவும்கூட அதே கீற்றுத்தான். ஆகையால் எழுத்தை மட்டும் நம்ப முடியாது, காதும் வேண்டும். ரசிகமணி காதை நம்பியதற்கு இந்த நியாயம் உண்டு. ஆனால் காது கேட்பது தன் காலத்து ஓசையைத்தான். அதனால் எழுத்துச் சான்றும் வேண்டும். எனக்கு இதில் வியப்பாக இருப்பது ஒன்று: தம் இலக்கியம் முழுவதையும் காதால் மட்டுமே பெற்ற தாஹா ஹுசைன், காதின் சாட்சியம் போதாது என்று சொன்னார். கண்ணுள்ள ரசிகமணி காதின் சாட்சியமே போதும் என்றார்.

ஐயப்பட்டவர்கள் சொன்னதெல்லாம் நின்றதா? நிற்கவில்லை. 1956-இல் ஜோர்தான் அறிஞர் நாசிருத்தீன் அல்-அசத், ஜாஹிலியக் கவிதையின் மூலங்களைப் பற்றிப் பெருநூல் எழுதி, அக்காலத்தில் எழுத்து வழக்கம் நாம் நினைப்பதைவிட அதிகம் என்று காட்டினார். வாய்மொழிக் கவிதை ஒவ்வொரு முறை பாடும்போதும் கொஞ்சம் மாறும், அந்த மாற்றம் மோசடி ஆகாது என்ற ஆய்வு 1970-களில் வந்தது. இன்று தாஹா ஹுசைனின் முடிவை அப்படியே ஏற்பவர் குறைவு. வையாபுரிப் பிள்ளையின் காலக்கணிப்புகளுக்கும் இதே கதி. புகளூர்க் கல்வெட்டில் சேர அரசர் பெயர்கள் தெளிவாகப் படிக்கப்பட்டன. ஜம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சி பெயரோடு நிற்கிறான். ஐராவதம் மகாதேவன் 2003-இல் பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, சங்கப் பாட்டின் பழமைக்குக் கல்லே சாட்சி என்று ஆகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்களை வென்றவை வசவுகள் அல்ல. எந்தச் சான்றைக் கொண்டுவா என்று இவர்கள் கேட்டார்களோ, அந்த வகைச் சான்றே வந்து இவர்களைத் திருத்தியது.

கம்பன் விஷயத்தில் ஒரு நல்ல வழி பிறந்தது. ஐயத்துக்குரிய பாடல்களை எறிந்துவிடாமல், ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே பிரித்து அச்சிடும் முறை பின்வந்த பதிப்புகளில் நிலைத்தது. வாசகன் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள் சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைமை தாங்கிக் கம்பனை ஆழ ஆராய்ந்ததும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. வாலி வதையை அவர் ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதுவதுபோல் இரு பக்கமும் கேட்டு அலசியிருக்கிறார், படியுங்கள்.

கடைசியாக முத்தொள்ளாயிரம். மூவேந்தரைப் பற்றிய அருமையான வெண்பாக்கள். முழுநூல் போய்விட்டது. புறத்திரட்டு என்ற பழைய தொகைநூல் எடுத்து வைத்திருந்ததால்தான் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் பிழைத்தன. அந்தப் புறத்திரட்டைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. அந்த வெண்பாக்களுக்கு உரை சொல்லித் தமிழ்நாட்டையே மயக்கியவர் ரசிகமணி. வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் சுவடிகளும் இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நெல்லை மாணவன் ஒருவன் அவற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேலகரம், தென்காசி, கடையநல்லூர், பண்பொழி, செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண்மேல் ஏட்டுக் கட்டு இருக்கலாம். பாட்டனார் கையால் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கலாம். அதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடாதீர்கள், பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கட்டைப் பிரித்து நீங்களே துடைக்கவும் வேண்டாம், ஓலை ஒடிந்துவிடும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித் துறை இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். கடிதம் எழுதத் தயங்குகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன்.